சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும்: விக்கிப்பீடியாவில் புதியவரின் முதல் பாடங்கள்

விக்கிப்பீடியாவின் பெரும்பாலான பக்கங்களில் மேலே ‘தொகு’ என்று ஓர் இணைப்பு இருக்கிறது. கணக்குத் தொடங்காதவரும் அதைச் சொடுக்கி எழுதலாம். சேமித்த கணமே அது உலகம் முழுக்கத் தெரியும். வாசல் அவ்வளவு அகலம். ஆனால் அந்த வாசல் வழியே வருபவர்களில் மிகப் பலர் ஓரிரு திருத்தங்களோடு திரும்பிப் போய்விடுகிறார்கள். ஏன் போகிறார்கள், தங்கிவிடும் சிலர் தொழிலை எப்படிக் கற்கிறார்கள் என்று இருபது ஆண்டுகளாக ஆய்வாளர்கள் துருவிக்கொண்டிருக்கிறார்கள். விதிகளின் கடுமையைத்தான் பொதுவாகக் குறை சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த விதிகள் கற்கக் கூடியவைதாம். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் போனதுதான் சிக்கல்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் ஊர்க் கோயில் பற்றிய கட்டுரையைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தேரோட்டம் பங்குனியில் என்று அதில் இருக்கிறது. உண்மையில் சித்திரையில்தான் தேர் ஓடும். ஐம்பது வருடமாக வடம் பிடிப்பவர் அவர். மாதத்தை மாற்றுகிறார். கையோடு தலவரலாற்றையும் நான்கு பத்தியில் எழுதிச் சேர்க்கிறார். ‘அருள்மிகு’, ‘கேட்ட வரம் தரும்’ என்பவையெல்லாம் கைக்குத் தானாக வருகின்றன. மறுநாள் பார்த்தால் நான்கு பத்தியும் காணோம். ‘அருள்மிகு’வும் போயிற்று. சித்திரை மட்டும் நிற்கிறது. அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘சான்று தேவை’ என்றிருக்கிறது.

யார் செய்தார்கள் என்று பார்க்கப் பக்க வரலாற்றைத் திறக்கிறார். அங்கே எல்லாம் வரிசையாக இருக்கும்: நாள், நேரம், பயனர் பெயர், சேர்த்த அளவு பச்சையில், நீக்கிய அளவு சிவப்பில், கடைசியில் ஒரு சுருக்கக் குறிப்பு. அந்த அளவு பைட்டுக் கணக்கு. ஒருங்குறியில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு ஆகும். ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தாலே +15 என்று காட்டும். நான்கு பத்தி போனால் சிவப்பில் ஆயிரக் கணக்கில் விழும். முதன்முறை பார்ப்பவருக்குத் திக்கென்று இருக்கும். எதிரே எழுதியிருக்கும் காரணமோ ‘கலைக்களஞ்சிய நடையன்று’ என்ற அளவோடு முடிந்துவிடும். அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் இருக்கும் கொள்கைப் பக்கங்களைத் தேடிப் பொறுமையாகப் படிப்பவர் எத்தனை பேர்? நம் ஆசிரியர் கணினியை அணைத்துவிட்டுப் போயிருப்பார்.

அவர் மீறியது மூன்று அடிப்படைக் கொள்கைகளை. நடுநிலை நோக்கோடு எழுத வேண்டும். வாசகர் சரிபார்க்கக்கூடிய வெளியீடு ஒன்று பின்னால் இருக்க வேண்டும். வேறெங்கும் வெளிவராத சொந்த ஆய்வையோ அனுபவத்தையோ இங்கே முதன்முதலாக வெளியிடக் கூடாது. இவை வெறும் பிடிவாதத்தில் பிறந்தவை அல்ல. யாழ்ப்பாணத்தில் முத்துத்தம்பிப் பிள்ளை 1902இல் அபிதான கோசத்தையும், சென்னையில் சிங்காரவேலு முதலியார் 1910இல் அபிதான சிந்தாமணியையும் தந்தபோது அட்டையில் அவர்கள் பெயர் இருந்தது. பின்னாளில் பெரியசாமித் தூரன் தலைமையில் வந்த கலைக்களஞ்சியத்துக்கும் ஆசிரியர் குழு உண்டு. தவறு இருந்தால் யாரைக் கேட்பது என்று தெரியும். விக்கிப்பீடியாவில் எழுதியவர் யாரென்றே தெரியாது. புனைபெயரில் எழுதும் ஒருவரை, ‘நான் நேரில் பார்த்தேன்’ என்று சொல்வதற்காக எப்படி நம்புவது? ஆளை நம்ப முடியாத இடத்தில் அடிக்குறிப்பைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

இந்த நம்பகத்தை முதலில் வேறு வழியில்தான் தேடினார்கள். ஜிம்மி வேல்சும் லாரி சாங்கரும் 2000இல் தொடங்கிய நியூபீடியாவில் நிபுணர்கள் எழுதுவார்கள், கட்டுரை ஏழு கட்டப் பரிசீலனையைத் தாண்டி வரும். சில ஆண்டுகளில் இரண்டு டஜன் கட்டுரைகள் தேறின. 2003இல் கடை மூடப்பட்டது. அதற்குத் துணையாக 2001 ஜனவரி 15 அன்று திறந்த விக்கிப்பீடியாதான் நிலைத்தது.

சான்று விதியின் முகத்தை நன்றாகக் காட்டும் சம்பவம் ஒன்று உண்டு. அமெரிக்க நாவலாசிரியர் பிலிப் ராத் எழுதிய ‘த ஹியூமன் ஸ்டெய்ன்’ நாவலின் நாயகனுக்கு முன்மாதிரி விமர்சகர் அனதோல் புரொயார்ட் என்று சொல்லப்படுவதாக விக்கிப்பீடியாக் கட்டுரை குறிப்பிட்டிருந்தது. விமர்சகர்கள் சிலர் அப்படி எழுதியிருந்தார்கள். அது தவறு, தம் நண்பர் மெல்வின் டூமினுக்கு நேர்ந்த ஒன்றிலிருந்தே நாவல் பிறந்தது என்று ராத் திருத்தச் சொன்னார். நாவலை எழுதியவரே சொன்னாலும் இரண்டாம்நிலைச் சான்று வேண்டும் என்று பதில் வந்தது. 2012 செப்டம்பரில் அவர் நியூயார்க்கர் இதழின் தளத்தில் விக்கிப்பீடியாவுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். கேலியும் கோபமுமான அந்தக் கடிதமே வெளியான சான்றாகிவிட்டதால், கட்டுரையும் திருத்தப்பட்டது. இந்தக் கதையைச் சொல்லி விக்கிப்பீடியாவைப் பார்த்துச் சிரிப்பவர்கள் அதிகம். எனக்கென்னவோ விதி சரியாக வேலை செய்ததாகவே படுகிறது. எழுத்தாளர் தம் நாவலைப் பற்றி இன்றைக்குச் சொல்வது ஒரு கருத்து. விமர்சகர் அன்றைக்குச் சொன்னது இன்னொன்று. இரண்டையும் யார் சொன்னது என்று குறித்து வைப்பதுதான் கலைக்களஞ்சியத்தின் வேலை. ஆனால் ராத்துக்கு நியூயார்க்கர் இருந்தது. நம் ஆசிரியருக்கு என்ன இருக்கிறது?

இதே விதி தடுக்கி விழுந்த இடமும் உண்டு. 2018 மே மாதம், கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் இயற்பியலாளர் டோனா ஸ்டிரிக்லண்ட் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒருவர் வரைவுக் கட்டுரை எழுதினார். பரிசீலித்த தன்னார்வலர் அதை ஏற்கவில்லை. அவரைச் சாராத, நம்பகமான, இரண்டாம்நிலை வெளியீடுகள் அவரைப் பற்றி விரிவாகப் பேசியிருப்பதற்குச் சான்றில்லை என்பது காரணம். வழக்கமாக ஒட்டப்படும் வார்ப்புருச் செய்திதான் அது. அக்டோபர் 2 அன்று அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. மரீ கியூரி, மரியா கோப்பெர்ட்-மேயர் ஆகியோருக்குப் பிறகு அதைப் பெறும் மூன்றாவது பெண் அவர். 1985இல் ஆய்வு மாணவியாக இருந்தபோது, ஜெரார் மூரூவுடன் சேர்ந்து, மிகக் குறுகிய, மிக வலிமையான லேசர் துடிப்புகளை உண்டாக்கும் வழியைக் கண்டதற்கு அந்தப் பரிசு. மூரூவுக்கு அதற்கு முன்பே கட்டுரை இருந்தது. அன்று உலகின் செய்தித்தாள்கள் எல்லாம் விக்கிப்பீடியாவைச் சாடின.

பரிசீலித்தவர் ஒரு விதியையும் மீறவில்லை. வரைவில் இருந்த சான்றுகள் பெரும்பாலும் ஸ்டிரிக்லண்டோடு தொடர்புடைய நிறுவனங்களின் பக்கங்கள். ஆனால் கல்வியாளர்களின் குறிப்பிடத்தக்கமையை அளக்கத் தனி வழிகாட்டல் விக்கிப்பீடியாவிலேயே உண்டு. ஸ்டிரிக்லண்ட் அமெரிக்காவின் ஒளியியல் சங்கத்துக்கு 2013இல் தலைவராக இருந்தவர். அந்த வழிகாட்டல்படி பார்த்திருந்தால் கட்டுரை தேறியிருக்கும் என்று பின்னர் வாதிட்டவர்கள் பலர். வரைவை எழுதிய புதியவருக்கு அப்படியொரு வழிகாட்டல் இருப்பதே தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரிந்த ஒருவர் எதிரே உட்கார்ந்து, ‘அந்தத் தலைவர் பதவியை முதல் வரியில் போடு, இரண்டு செய்தித்தாள் தேடு’ என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஊடகங்கள் பெண் விஞ்ஞானிகளைப் பற்றி எழுதாதபோது விக்கிப்பீடியாவுக்கு மட்டும் சான்று எங்கிருந்து வரும் என்று விக்கிமீடியா அறக்கட்டளையின் அன்றைய தலைவர் கேத்ரின் மாகர் கேட்டார். அந்தக் கேள்வியிலும் நியாயம் உண்டு. அது பாதிப் பதில்.

சொல்லிக்கொடுக்கும் அந்த ஆள் எப்படிக் காணாமல் போனார்? அதற்கு 2005க்குப் போக வேண்டும். ஜான் சீகென்தாலர் என்ற மூத்த அமெரிக்கப் பத்திரிகையாளருக்குக் கென்னடி சகோதரர்களின் கொலைகளில் தொடர்பிருப்பதாக ஒருவர் விளையாட்டாக எழுதிவைத்தது, நான்கு மாதம் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. அவர் அதைப் பத்திரிகையில் எழுதியபோது பெரும் தலைகுனிவாயிற்று. அந்த டிசம்பரிலிருந்து கணக்கில்லாதவர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் புதுப்பக்கம் தொடங்க முடியவில்லை. காவல் இறுகியது. அதே காலத்தில் கூட்டமும் பெருகியதால், விஷமத் திருத்தங்களை நொடியில் நீக்கும் கருவிகள் வந்தன. ஹகிள் போன்ற மென்பொருளில், அண்மைய மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் வரும். ஒரு விசையைத் தட்டினால் திருத்தம் மீளமைக்கப்படும், எச்சரிக்கையும் பயனரின் பேச்சுப் பக்கத்தில் தானாக விழும். 2010இல் வந்த குளூபாட் என்ஜி என்ற தானியங்கிக்கு அந்த விசையும் தேவையில்லை.

ஏரன் ஹாஃபேக்கரும் அவருடைய தோழர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதன் விலையைக் கணக்கிட்டது. ஆங்கில விக்கிப்பீடியாவில் மாதம் ஐந்து திருத்தமேனும் செய்பவர்கள் 2007இல் 50 ஆயிரத்தைத் தொட்டு, பிறகு ஆண்டுக்காண்டு குறைந்தார்கள். வருபவர்களின் தரம் குறைந்துவிட்டதா என்று பார்த்தால், இல்லை. நல்லெண்ணத்தோடு வருபவர்களின் விகிதம் பெரிதாக மாறவில்லை. மாறியது வரவேற்பு. நல்லெண்ணத்தோடு எழுதியவர்களின் முதல் திருத்தங்களும் முன்னைவிட அதிகமாக நிராகரிக்கப்பட்டன; நிராகரிக்கும் வேலையில் கருவிகளின் பங்கு கூடியது; கொள்கைப் பக்கங்களில் புதியவர்கள் சொல்லும் மாற்றங்கள் ஏறாமல் போயின. கருவிகளை ஒழித்துவிடலாமே என்றால் அதுவும் முடியாது. குளூபாட் என்ஜி சிலமுறை பழுதாகி நின்ற நாட்களை ஸ்டூவர்ட் கைகரும் ஹாஃபேக்கரும் ஆராய்ந்தார்கள். விஷமங்கள் எப்படியோ நீக்கப்பட்டுவிட்டன, ஆனால் அதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் பிடித்தது.

தொழில் எப்படிக் கற்கப்படுகிறது என்பதற்கு வேறு ஒரு திசையிலிருந்தும் வெளிச்சம் வருகிறது. மானிடவியலாளர் ஜீன் லேவ் லைபீரியத் தையற்காரர்களிடையே கள ஆய்வு செய்தவர். எட்டியென் வெங்கரோடு அவர் 1991இல் எழுதிய நூலில் அந்தப் பயிற்சியின் வரிசை விவரிக்கப்படுகிறது. சீடப்பிள்ளை முதலில் முடிந்த உடுப்புக்குப் பொத்தான் தைக்கிறான், ஓரம் மடிக்கிறான், இஸ்திரி போடுகிறான். பிறகுதான் தையல். துணி வெட்டுவது எல்லாவற்றுக்கும் கடைசி. வெட்டுவதில் தவறினால் துணி போய்விடும், பொத்தானில் தவறினால் பிரித்துத் தைக்கலாம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, முடிந்த உடுப்பைக் கையில் வைத்துக்கொண்டே அதன் உள்கட்டமைப்பை அவன் கண்டுகொள்கிறான். 2005இல் சூசன் பிரையன்ட், ஆண்ட்ரியா ஃபோர்ட்டி, எமி புரூக்மன் மூவரும் தேர்ந்த விக்கிப்பீடியர்கள் ஒன்பது பேரிடம் பேசி எழுதிய கட்டுரை இந்தச் சட்டகத்தைத்தான் கையாண்டது. அவர்களும் பொத்தானில்தான் தொடங்கியிருந்தார்கள்: தமக்குத் தெரிந்த பொருளில் ஒரு பிழை, ஒரு விடுபட்ட ஆண்டு. நாளாக ஆக, தம் கட்டுரை என்ற எண்ணம் போய்த் தளம் முழுவதன் தரம் அவர்களுடைய கவலையாகியிருந்தது. தாம் கண்காணிக்கும் பக்கங்களின் கவனிப்புப் பட்டியல் நீண்டிருந்தது.

நம்மவர்கள் எடுத்த எடுப்பிலேயே துணி வெட்ட உட்காருகிறார்கள். புதுக் கட்டுரைதான் வேண்டும், அதுவும் தம் கல்லூரியைப் பற்றி, மாமாவைப் பற்றி, தமக்குப் பிடித்த நடிகரைப் பற்றி. ஆங்கில விக்கிப்பீடியாவில் நான்கு நாள் ஆகாத, பத்துத் திருத்தம் செய்யாத கணக்குக்கு நேரடியாகப் புதுப்பக்கம் தொடங்க 2018 முதல் அனுமதியில்லை. இது கதவடைப்பு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கற்கும் வரிசையை நினைத்தால், தாமதமாகவேனும் வந்த நல்ல ஏற்பாடு என்பேன்.

வரிசையைக் கற்பிக்கச் செய்த முயற்சிகளில் எது பலித்தது என்பதுதான் சுவையான பகுதி. விளையாட்டு போல அமைந்த ‘விக்கிப்பீடியா சாகசம்’ என்ற பயிற்சியை ஆடியவர்கள் நன்றாக ரசித்தார்கள். சோதனை செய்து பார்த்தபோது, அதற்கு அழைக்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகவோ மேலாகவோ எழுதவில்லை என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. விக்கி நிரல் தெரியாமலே எழுத உதவும் காட்சித் தொகுப்பி 2013இல் வந்தது. வசதிதான், ஆனால் எதிர்பார்த்தபடி புது எழுத்தாளர்கள் பெருகிவிடவில்லை. 2012இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடங்கிய ‘டீஹவுஸ்’ என்ற பக்கத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. புதியவர் எவ்வளவு அசட்டுத்தனமான கேள்வியும் கேட்கலாம். அனுபவசாலி ஒருவர் வணக்கம் சொல்லி, வார்ப்புரு ஒட்டாமல், தம் சொற்களில் பதில் எழுதுவார். அதற்கு அழைக்கப்பட்டவர்கள் அழைக்கப்படாதவர்களைவிடச் சற்றே அதிகம் தங்கினார்கள் என்று ஜோனதன் மார்கனும் ஹாஃபேக்கரும் 2018இல் காட்டினார்கள். விளையாட்டும் மென்பொருளும் செய்யாததை ஒரு மனிதரின் பதில் கொஞ்சமாவது செய்தது.

எதிர்வாதத்தையும் சொல்லியாக வேண்டும். 2009இல் கேத்ரின் பான்சியேரா குழுவினர் செய்த ஆய்வின்படி, பின்னாளில் பெரும் பங்களிப்பாளர்களாக ஆனவர்கள் முதல் நாளிலிருந்தே மற்றவர்களைவிட அதிகமாக எழுதியிருந்தார்கள். விக்கிப்பீடியர்கள் உருவாக்கப்படுவதில்லை, பிறக்கிறார்கள் என்ற பொருளில் அந்தக் கட்டுரைக்குத் தலைப்பும் வைத்தார்கள். ஆர்வம் பிறவியிலேயே வரட்டும். சான்று தேடவும் பேச்சுப் பக்கத்தில் சண்டையில்லாமல் வாதிடவும் யாரும் கருவிலேயே கற்றுவிட்டு வருவதில்லை.

தமிழ் விக்கிப்பீடியாவின் நிலைமை வேறு. 2003இல் தொடங்கிய அதன் ஆரம்ப ஆண்டுகளைத் தோளில் சுமந்தவர் இலங்கைத் தமிழரான கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன், அமீரகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கான கட்டுரைகளைத் தொடங்கியவர். 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்குக் கொடுத்தது கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம். 2017 மே மாதம் ஒரு லட்சமாவது கட்டுரை வந்தது. இன்று ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் தொடர்ந்து எழுதுபவர்கள் இன்னமும் விரல்விட்டு எண்ணும் நிலையிலிருந்து வெகுதூரம் போய்விடவில்லை. ஆகவே அண்மைய மாற்றங்களைப் பார்ப்பவர் பெரும்பாலும் ஓர் ஆள்தான், இயந்திரம் அல்ல. பொதுப் பேச்சுக்கு ஆலமரத்தடி, உதவி கேட்க ஒத்தாசைப் பக்கம், எழுதிப் பழக மணல்தொட்டி என்று இடங்களுக்குப் பெயர் வைத்ததிலேயே ஓர் ஊர்த்தன்மை தெரியும். யாழ்ப்பாணத்து ‘ரொறன்ரோ’வா சென்னையின் ‘டொராண்டோ’வா, கிரந்தம் வேண்டுமா வேண்டாமா என்று அங்கே நடந்த வாதங்களைப் புதியவர் ஒரு மாலை உட்கார்ந்து படித்தால், எந்தக் கையேட்டிலும் இல்லாத பாடம் கிடைக்கும்.

ஆள் இல்லாமல் எழுத்து மட்டும் வந்தால் என்ன ஆகும் என்பதையும் தமிழ் விக்கிப்பீடியா பார்த்திருக்கிறது. 2009 முதல் கூகுள் நிறுவனம் கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை வைத்து, ஆங்கிலக் கட்டுரைகளை இந்திய மொழிகளுக்கு மாற்றிப் பதிவேற்றியது. நீளம் இருந்தது; வாசிக்க முடியாத வாக்கியங்களும், தமிழ் வாசகர் தேடாத தலைப்புகளும் இருந்தன. பேச்சுப் பக்கத்தில் கேட்டால் எழுதியவரிடமிருந்து பதில் வராது. வங்காளிகள் அந்தக் கட்டுரைகளை ஏற்க மறுத்தார்கள். தமிழர்கள் நிறுவனத்தோடு பேசி, தலைப்பையும் தரத்தையும் ஒழுங்குபடுத்த முயன்றார்கள். போலந்தில் 2010இல் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் இதைப் பற்றி விரிவான அறிக்கையும் வைத்தார்கள். திட்டம் 2011இல் நின்றது. அந்தக் கட்டுரைகளைத் துப்புரவு செய்யும் வேலை தன்னார்வலர்கள் தலையில் விழுந்தது.

இதைவிட மோசமான கதை ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவினுடையது. அந்த மொழியே தெரியாத அமெரிக்கச் சிறுவன் ஒருவன், பன்னிரண்டு வயதில் தொடங்கிப் பல ஆண்டுகளாக 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை எழுதியிருந்தது 2020 ஆகஸ்டில் வெளிப்பட்டது. ஆங்கில வாக்கியத்தில் அங்கங்கே ஸ்காட்ஸ் சொற்களைச் செருகியதுதான் அவன் நடை. அவன் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. மொழி தெரிந்த ஒருவர் முதல் மாதத்திலேயே சொல்லியிருந்தால் திருந்தியிருப்பான். சிறிய விக்கிக்கு மறுப்பு மட்டுமல்ல, மௌனமும் ஆபத்து.

தமிழில் எழுத வருபவருக்கு இன்னொரு தடை சான்றுகளே. நாட்டார் தெய்வம், சிற்றிதழ், ஒரு சிற்றூரின் சந்தை பற்றியெல்லாம் அறிந்தவர்கள் இருக்கிறார்கள். அச்சில் இருப்பதோ குறைவு, இருப்பதும் கைக்கு எட்டாது. அந்த நிலை கொஞ்சம் மாறியிருக்கிறது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் இணையத்தில் ஏற்றிவரும் நூலகம் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 1890 முதல் வந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள் என்று தேட இடங்கள் உண்டு. தலபுராணத்தைச் சான்றாக வைக்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். ‘தலபுராணம் இவ்வாறு கூறுகிறது’ என்று பதிப்பும் பக்க எண்ணும் கொடுத்துத் தாராளமாக எழுதலாம்.

புதிதாக எழுத நினைப்பவர்கள் புதுக் கட்டுரையை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். நன்றாகத் தெரிந்த ஒரு பொருளில், சான்றில்லாமல் நிற்கும் ஒரு வரியை எடுத்து, அதற்கு ஒரு நூலும் பக்க எண்ணும் சேருங்கள். உங்கள் திருத்தம் நீக்கப்பட்டால் மறுபடி அதையே போடாதீர்கள். பேச்சுப் பக்கத்தில் ஏன் என்று கேளுங்கள். மூத்த பயனர்களிடம் வேண்டுவது ஒன்றுதான். தெளிவான விஷமத்தைத் தவிர வேறெதையும் மீளமைக்கும்போது, வார்ப்புருவை விட்டுவிட்டு, அவர் பெயரைச் சொல்லி, எது சரியாக இருந்தது, எதற்குச் சான்று வேண்டும் என்று இரண்டு வரி எழுதிவிட்டுச் செய்யுங்கள்.